பத்துக்குப் பத்து

ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பசுமை மதிப்பீடு நடக்கும் வாரம் அது. கௌரவ விரிவுரையாளர் சற்குணம், கையில் படிவத்தோடு தன் ஆய்வு நெறியாளர் மரகதமணியைத் தேடி வந்தார். மாணவருக்கு வயது நாற்பத்தாறு. ஆசிரியருக்குப் பணியில் அது கடைசி மாதம். பதினான்கு ஆண்டுகளாக அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டு வந்தவர் அவர்தான்.

“மேடம், இந்த வருஷம் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க.”

“போடு.”

“தண்ணியில்லாம விடுதிப் பொண்ணுங்க ரெண்டு நாளைக்கு ஒருமுறைதான் குளிக்கிறாங்க. பசுமை வளாகம்னு எப்படிப் போடுவேன்?”

“போடாதே.”

“என்னை நிரந்தரமாக்குற கோப்பு பதிவாளர் மேசையில இருக்கு மேடம். பதினோரு வருஷம் காத்திருந்துட்டேன்.”

மரகதமணி எழுந்தார். “வாய்யா, அளந்துட்டு வருவோம்.”

நூலகத்துக்குப் பின்னால் மோட்டார் இல்லாத ஓர் ஆழ்துளைக் கிணறு இருந்தது. நீர்மட்டம் பார்ப்பதற்கென்றே விட்டு வைத்தது. பம்ப் ஆபரேட்டர் பூவலிங்கம் நைலான் கயிற்றுச் சுருளைத் தோளிலிருந்து இறக்கினார். நுனியில் ஓர் இரும்புக் குண்டு. குண்டு தண்ணீரைத் தொட்டதும், கையில் பிடித்திருக்கும் இடத்தில் கயிற்றில் ஒரு துணியை முடிந்துவிடுவார்கள். ஆண்டுக்கு ஒரு துணி.

“நீயே விடு” என்றார் மரகதமணி.

சற்குணம் விட்டார். நாற்பத்தெட்டு அடியில் முதல் துணி விரலில் தட்டியது. அவர் ஆய்வு மாணவராகச் சேர்ந்த ஆண்டு அது. நூற்றுப் பத்தில் ஒன்று. நூற்று எழுபதில் ஒன்று. அதற்குப் பிறகு அவர் எண்ணவில்லை.

“மெதுவா சார். நழுவ விட்டுட்டா ஆறு அங்குலக் குழியில நான் எப்படி இறங்குவேன்?”

“தண்ணியெல்லாம் எங்கய்யா போகுது?” என்றார் சற்குணம்.

“முன்வாசல் புல்வெளிக்கு மட்டும் நாலு போர் ஓடுது. புல்லு காஞ்சா மார்க்கு போயிடுமாம்.”

போன ஆண்டின் துணியும் உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் கயிறு தீர்ந்தது. மூவரும் மாறி மாறி மேலே இழுத்தார்கள். குண்டு வெயிலில் கிடந்தது போலக் காய்ந்திருந்தது.

“கயிறு பத்தாதுன்னு அப்பவே சொன்னேன்” என்றார் பூவலிங்கம். “கவலையை விடுங்க. கயிறு வாங்குற கோப்புல மட்டும் வெச்ச அன்னிக்கே கையெழுத்து ஆயிடும்.”

மரகதமணி படிவத்தைக் காட்டினார். “தண்ணியப் பத்தி என்ன கேட்டிருக்கு, படி.”

“‘நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுதோறும் அளக்கப்படுகிறதா?’”

“அளந்தியா?”

“அளந்தேன்.”

“பத்துக்குப் பத்து.”

சற்குணம் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எத்தனை அடியில இருக்குன்னு எழுத இடமே இல்லையே மேடம்.”

“ஒரு வருஷம் ஓரத்துல எழுதினேன். சுத்தமா தட்டச்சு பண்ணி வேற படிவம் கொண்டுவந்து வெச்சாங்க. கூடவே டீயும் வந்துச்சு.”

சற்குணம் கிணற்றின் இரும்பு மூடியைப் போட்டார். அதன்மேல் படிவத்தை வைத்து, குனிந்தபடியே நின்றார். பிறகு கையெழுத்திட்டார்.

“வேற வழி தெரியல மேடம். நான் போடலேன்னா இன்னொருத்தனைப் போடுவாங்க. அவன் இங்க வரக்கூட மாட்டான். அறையில உக்காந்தே எழுதிடுவான். நாமளாவது அளந்துகிட்டே இருக்கணும். இல்லேன்னா இப்படி இறங்கிப் போறது யாருக்குமே தெரியாமப் போயிடும்.”

பூவலிங்கம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“நானும் இதையேதான் சொல்லிக்கிட்டேன்” என்றார் மரகதமணி.

“தப்பா மேடம்?”

“பதினாலு வருஷமா எல்லாருக்கும் தெரியும்யா.”