முன்கரையும் பின்கரையும்

காயலோரக் காட்டில் ஒரு குளம். முன்கரையில் தண்ணீர் தெளிந்திருக்கும். பின்கரையில் ஒரே சேறு.

காயலுக்கு நடுவே ஒரு தீவு. அதற்கும் காட்டு யானைதான் ராஜா. கடல் பொங்கினால் முதலில் குரல் கொடுத்துக் காட்டைக் காப்பாற்றுவது தீவு மான்கள். ஆனால் கோடையில் தாகத்தோடு நீந்தி வந்தால் அவற்றுக்குப் பின்கரைதான். யானை கூட்டும் சபையில் வாய் திறக்கவும் உரிமையில்லை.

ஒருநாள் யானை சொன்னது: "தீவில் இருப்பவர்களும் நம்மவர்கள்தானே? இனி அவர்களுக்கும் முன்கரை. சபையிலும் இடம்."

எல்லாம் தலையாட்டின. மயிலுக்கு மட்டும் வயிறு எரிந்தது. முன்கரைத் தண்ணீரில் தினமும் தன் தோகையைப் பார்த்துப் பூரிப்பது அது. நேற்றுவரை சேறு குடித்த மான் இனி பக்கத்தில் நின்று தன் புள்ளிகளைப் பார்ப்பதா?

மயில் மரம் மரமாகப் போய் ஓதியது. குளம் வற்றிவிடும் என்று முயலைப் பயமுறுத்தியது. சபையே அவர்கள் கைக்குப் போய்விடும் என்று குரங்கைக் கிளப்பியது. கடைசியில் சபையின் கூச்சலுக்கு யானையும் இணங்க, இந்தக் காட்டில் பிறந்தவர்களுக்கே முன்கரை என்று சட்டமாயிற்று.

சித்திரையில் காடு தீப்பிடித்தது. முட்டையிடும் நேரத்தில் இருந்த மயிலின் ஜோடி தீவுக்குப் பறந்தது. மான்கள் அதற்கு ஒரு புதரை ஒதுக்கிக் கொடுத்தன. அங்கே பொரித்த குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்ததும் எல்லாம் காடு திரும்பின.

மயில் பெருமையாகக் குஞ்சுகளை முன்கரைக்குக் கூட்டிப்போனது. காவலுக்கு நின்ற கீரி மறித்தது.

"நீங்க போங்க மயிலண்ணே. பிள்ளைங்க எங்க பொறந்தாங்க?"

மயில் குஞ்சுகளைத் தன் தோகைக்குப் பின்னால் ஒதுக்கியது.

"தீவுலதானே? அப்ப பின்கரை. நீங்க கேட்டு வாங்கின சட்டம்தான்."

குஞ்சுகள் தாகத்தில் கத்தின. மயில் பின்கரைக்கு நடந்தது. அங்கே ஒரு தாய்மான் குளம்பால் ஊற்று தோண்டிக்கொண்டிருந்தது.

"பார்த்து வாங்கண்ணே, தோகை சேறாயிடும்" என்றது மான். சொல்லிவிட்டு, தான் குடிக்காமலே நகர்ந்து குஞ்சுகளுக்கு வழிவிட்டது.

மயில் சேறு படிந்த தோகையோடு நேரே சபைக்குப் போனது. "என் பிள்ளைங்களுக்கு..." என்று ஆரம்பித்தது. தோகையிலிருந்து சேறு சபை நடுவே சொட்டியது. மயில் தலையைக் குனிந்துகொண்டது.

"தீவுல இருக்கிற எல்லாருக்கும்" என்றது.

யானை அப்போதே சட்டத்தை மாற்றியது. மான்கள் முன்கரைக்கு வந்தன. அவற்றின் புள்ளிகளைப் பார்த்தபோது மயிலுக்கு இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்தது. ஆனாலும் நகர்ந்து இடம் விட்டது.

பொறாமையால் பிறருக்கு மறுக்கும் உரிமை, ஒருநாள் நம் பிள்ளைகளுக்கும் இல்லாமல் போகும்.