மண்டபப் படி ஏறக்கூடாதவள்

நியாயம் பேச நாலு பேர் கூடினால் நான் இந்தக் கதையைத்தான் அவிழ்ப்பேன். தீர்ப்பைக் கடைசியில் கேட்பேன். அதுவரை யாரும் வாய் திறக்கக்கூடாது.

மருதந்துறையில் ஆற்றங்கரையோரம் ஒரு பன்னிரண்டு கால் மண்டபம். சுண்ணாம்பு ஒரு சிட்டிகை கிடையாது. கல்மேல் கல்லை ஏற்றி அடுக்கியதுதான். "முந்நூறு வருசமா ஒரு கல்லு அசையலீங்க!" என்று சொல்லும்போது அந்த ஊர்க்காரர்களுக்கு மார்பு ஒரு சாண் நிமிரும். பெண் பார்க்க வந்தவர்களைக்கூட முதலில் மண்டபத்துக்குத்தான் கூட்டிப்போவார்கள். பெண்ணெல்லாம் அப்புறம்தான்.

ஊர்த் தலைவராக வருகிறவர் அதன் முதல் தூணில் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்: "என் காலத்தில் இதில் ஒரு கல்லையும் அசைய விடமாட்டேன்." தவறினால் சாகும்வரை அந்த மண்டபத்துப் படி ஏறக்கூடாது. தெய்வானையும் அப்படிச் சத்தியம் செய்துதான் தலைவரானாள். அவளுக்கு அந்த மண்டபம் உயிர். நடை பழகியது அதன் படியில். கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக வந்து உட்கார்ந்ததும் அங்கேதான்.

இரண்டாம் வருஷம் வெள்ளம் வந்து கரையை அரித்தது. தென்புறத்துத் தூண்கள் இரண்டு சாய்ந்துவிட்டன. தெய்வானை செங்கோடன் என்ற கல்தச்சரை அழைத்து வந்தாள். அவர் தூக்குக் குண்டைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சாய்வை அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அடுத்த மழைக்குத் தாங்காதுங்க தலைவரம்மா. மொத்தத்தையும் பிரிச்சு, மேட்டுல கொண்டுபோய் அடுக்குனாப் பொழைக்கும். நீங்க பதவிய விட்டுட்டா சத்தியம் உங்களக் கட்டாதுங்களே?"

"அடுத்து வர்றவங்களும் அதே தூணத் தொட்டுத்தானே சத்தியம் பண்ணோணும்? அந்தப் பழி என் தலையிலயே விழட்டும். பிரிங்க."

விஷயம் கேள்விப்பட்டு, அரிசி ஆலைக்கார நாச்சிமுத்து துண்டை உதறிக்கொண்டு வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. மண்டபத்தின்மேல் அவருக்கும் கொள்ளைப் பாசம்.

"அம்மணி, தானா விழுந்தா அது ஆத்தோட குத்தம். நீ பிரிச்சா அது நம்ம குத்தம். சொல்லு போன ஊருக்குக் கல்லு எதுக்கு?"

"கல்லும் போனப்புறம் எதக் காட்டிப் பெருமை பேசுவீங்க மாமா?"

அவருக்கு மனசு ஒப்பவில்லை. தெய்வானை அரசாங்க அனுமதியை வாங்கிவிட்டாள். பிரிப்பதற்கு முந்தின நாள் தனியாகப் படியேறி, பன்னிரண்டு தூணையும் தடவிப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே இறங்கினாள். இனி ஏற முடியாதே!

செங்கோடன் உச்சிக் கல்லில் தொடங்கிக் கல்லுக்குக் கல் எண் போட்டார். "எல்லாரும் அடியில இருந்துதானே எண்ணுவாங்க?" என்றாள் தெய்வானை.

"கட்டறவனுக்கு அடிக்கல்லுதானுங்க ஒண்ணு. பிரிக்கறவனுக்கு முதல்ல கைக்கு வர்ற கல்லு ஒண்ணு."

அந்த உச்சிக் கல்லைப் புரட்டினார்களோ இல்லையோ, ஆட்கள் கூச்சல் போட்டார்கள். பக்கத்துக் கல்லோடு ஒட்டி மறைந்திருந்த முகத்தில், உளியால் கொத்திய பழைய தமிழ் எண். ஒன்று! அடுத்த கல்லில் இரண்டு. அப்படியே இறங்கி, கடைசி அடிக்கல்லில் நானூற்றுப் பன்னிரண்டு.

ஏழே மாதத்தில் மண்டபம் மேட்டில் எழுந்தது. ஒரு கல் குறையவில்லை, ஒரு கல் கூடவில்லை. அந்த ஐப்பசி வெள்ளம் பழைய இடத்தை மண்ணோடு வாரிக்கொண்டு போயிற்று. திறப்பு நாளில் ஊரே மேலே நிற்க, தெய்வானை பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் படிக்குக் கீழே வெறுங்காலோடு நின்றாள்.

"காப்பாத்திக் குடுத்தே, கையெடுத்துக் கும்பிடறேன். ஆனாச் சத்தியம் சத்தியந்தான் அம்மணி, ஏறக்கூடாது" என்றார் நாச்சிமுத்து.

"கல்லே சாட்சி சொல்லுதுங்க. ஏறட்டும்" என்றார் செங்கோடன்.

இப்போது வாயைத் திறக்கலாம். தெய்வானை அந்தப் படியில் ஏறலாமா, கூடாதா? இருவரில் யார் சொன்னது நியாயம்?

விடை: செங்கோடன் சொன்னதே நியாயம். கட்டியவன் போட்ட எண்ணாக இருந்தால் ஒன்று என்ற எண் அடியில் இருந்திருக்கும்; ஆனால் அது உச்சியில் இருந்தது. ஆகவே முன்பும் யாரோ இதே மண்டபத்தைப் பிரித்துச் சுமந்து வந்து அடுக்கியிருக்கிறார்கள். சத்தியம் வாங்கும் அந்த முதல் தூணே அப்படித் தோளேறி வந்த தூண்தான். அப்படியானால் கல்லை இழக்காமல் காப்பதுதான் சத்தியத்தின் உயிர்; அதைத் தெய்வானை மீறவில்லை. அசையாத மண்டபம் என்று பீற்றிக்கொண்டது வெறும் பேச்சு. ஆறு துரத்தத் துரத்த விட்டுக்கொடுக்காமல் ஊர் தூக்கிக்கொண்டு வந்த மண்டபம் என்பதல்லவா பெருமை! செங்கோடன் இதை எடுத்துச் சொன்னதும் நாச்சிமுத்து விறுவிறுவென்று இறங்கி வந்து, "ஏறு அம்மணி, நீ ஏறாத மண்டபத்துல எங்களுக்கென்ன வேலை" என்று அவள் கையைப் பிடித்து ஏற்றினார். இப்போது தலைவராக வருகிறவர்கள் அந்தத் தூணைத் தொட்டு, "ஒரு கல்லையும் ஆற்றுக்குக் கொடுக்கமாட்டேன்" என்றுதான் சத்தியம் செய்கிறார்கள்.