மீனுக்குத் தாய்மாமன்

அந்தக் காலத்தில் மீன்களுக்குப் பேச்சு இருந்தது. திறந்த வாய் மூடாது. இன்றைக்கும் தண்ணீருக்குள் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவே, பேச்சுப் போன பிறகும் பழக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

அப்போது வெண்மதகு ஏரி என்று ஓர் ஏரி. பெரும் பஞ்சம் ஒன்றில் அது சேறு வரைக்கும் வற்றி, இருந்த மீனெல்லாம் பாதி கொக்குக்கும் பாதி கருவாட்டுக்கும் போயிற்று. சேற்றுக் குழிகளில் தப்பியவை கொஞ்சம். பிறகு மழை பெய்து ஏரி நிரம்பியது. தண்ணீர் இருந்தது, மீன் இல்லை. வலைக்காரர்கள் வீட்டு அடுப்பில் பூனை தூங்கியது. அரசாங்கம் யோசித்து, கரைக்குக் கீழே ஒரு குஞ்சுக்குளம் வெட்டியது. தூரத்து ஆற்றிலிருந்து சேல்கெண்டை முட்டை கொண்டுவந்து பொரிக்கவைத்து, வளர்ந்த குஞ்சுகளை ஏரியில் விடுவதற்கு அணஞ்சி என்பவளை வேலைக்கு வைத்தது.

அணஞ்சி வாயைத் திறந்தால் எட்டு ஊருக்குக் கேட்கும். கை மட்டும் பூப்போல. தவிடும் எள்ளுப் புண்ணாக்கும் பிசைந்து வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து மண்பானையைத் தட்டுவாள். டொக், டொக். குளத்துக் குஞ்செல்லாம் அவள் உள்ளங்கைக்கு வந்துவிடும். "தின்னுங்கடி, தின்னுங்க. அரமனைத் தவிடுதானே, யாரு கேக்கப் போறா?" என்று வைதுகொண்டே ஊட்டுவாள். அதில் நெளிச்சி என்று ஒருத்தி இருந்தாள். மற்றவை வயிறு நிரம்பிப் போன பிறகும் விரலிடுக்கில் மூக்கை நுழைத்து மிச்சம் தேடுவாள்.

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்பார்கள். நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டாம்தான். பயப்படக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். பாசத்தில் அணஞ்சிக்கு அது தோன்றவே இல்லை.

குஞ்சுகளை ஏரியில் விட்டாள். அவையும் வளர்ந்தன. ஆனால் ஏரிப் படித்துறையில் சனங்கள் துணி துவைப்பார்கள் அல்லவா? கல்லில் அடித்தால் டொக், டொக் என்று கேட்கும். அதைக் கேட்டதும் அணஞ்சி வளர்த்த மீன்களெல்லாம் தவிடு வருகிறது என்று அங்கே ஓடிவந்தன. வலைக்காரர்களுக்குத் தலைவனான உலகன் இதைப் பார்த்துவிட்டான். படித்துறையில் வலையை விரித்தான். கூடை கூடையாக மீன்.

உலகன் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஏரி மணியக்காரர் தாண்டவராயரிடம் போனான். ஏரிக்கு அரசாங்கத்து ஆள் அவர்தான்.

"ஐயா, ஏரியில இப்பத் தண்ணியைவிட மீன்தான் அதிகம். இன்னும் எதுக்கு ஓடை வாயில வலை கட்டக் கூடாதுங்கறீங்க? இந்தப் புதுவெள்ளத்துக்காவது தடையை எடுத்துவிடுங்க."

மழைக்காலத்து முதல் வெள்ளம் ஓடை வழியாகத்தான் ஏரிக்கு வரும். சினை மீன்கள் அந்த வெள்ளத்தை எதிர்த்து ஏறி, மேலே புல்தரையில் முட்டை போடும். ஓடை வாயில் வலை கட்டினால் ஒன்றுகூடத் தப்பாது. அதனால்தான் அங்கே தடை. மணியக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் துள்ளுகிற மீனைக் கண்ணால் பார்த்தார், நம்பினார். "சரி, கட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அணஞ்சி படித்துறையில் பானை கழுவிக்கொண்டிருந்தாள். நெளிச்சி தலையை நீட்டினாள்.

"ஆத்தா, கூப்பிட்டியா?"

"நான் எங்கடி கூப்பிட்டேன்?"

"கல்லு கூப்பிட்டுச்சு. நீதான்னு நெனச்சேன். எங்க கூட்டத்துல பாதிப்பேரு இப்பிடி நெனச்சு வந்துதான் கூடைக்குப் போனாங்க."

அணஞ்சியின் கையிலிருந்து பானை நழுவியது.

"ஏரியில மீன் ரொம்பிக் கெடக்குன்னு பேசிக்கறாங்களாமே?" என்றாள் நெளிச்சி. "ஆழத்துல வந்து பாரு ஆத்தா, ஆளே இல்ல. பிடிபடறதெல்லாம் உன் பிள்ளைங்கதான். ஏரியில பொறந்த தாய்மாரு ஒரு கைப்பிடி இருந்தா அதிகம். எனக்கும் இப்ப வயித்துல சினை. வெள்ளம் வந்ததும் அவங்களோட நானும் ஓடை ஏறணும். வாயில வலை கட்டிட்டா அத்தோட எங்க வம்சம் முடிஞ்சுது."

ஊட்டிய கையே காட்டிக்கொடுத்துவிட்டதே என்று அணஞ்சி அழுதாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே மணியக்காரரிடம் போய், நடந்ததையெல்லாம் சொன்னாள். அங்கே உலகனும் இருந்தான்.

"அக்கா பேச்சு கழுவுற மீனுல நழுவுற மீனு. மீனு வேணும்னு வளத்தாங்க, மீனு வந்ததும் இல்லேங்கறாங்க" என்று சிரித்தான்.

மணியக்காரர் தாடியைத் தடவினார். "உன் மீனையும் ஏரி மீனையும் எப்படிப் பிரிக்கறது அணஞ்சி? எல்லாம் ஒரே வெள்ளி, ஒரே வாலு."

"நான் வளத்ததுக்கெல்லாம் ஒரு அடையாளம் போடறேங்கய்யா. அப்புறம் இவங்க ஏரி முழுக்க வலை வீசட்டும். பார்த்துட்டு மீனை விட்டுடணும். அடையாளம் இல்லாத மீனு அதிகமா வந்தா ஓடை வாயில வலையைக் கட்டிக்கட்டும். அடையாளம் போட்டதே வந்தா, ஏரி இன்னும் வெறுங்கையாத்தான் இருக்குன்னு அர்த்தம்."

மணியக்காரர் தலையை ஆட்டினார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. நாம அளக்காமத்தான் போட்டிருக்கோம்" என்று ஒத்துக்கொண்டார்.

மறுநாள் அணஞ்சி படித்துறையில் உட்கார்ந்து, இதுதான் கடைசித் தடவை என்று சொல்லிக்கொண்டு பானையைத் தட்டினாள். அவள் வளர்த்தவையெல்லாம் வந்தன. வயிற்றடியில் இடது பக்கத்துச் சின்னச் செட்டையை, அந்தத் துடுப்பை, வெட்ட வேண்டும் என்று சொன்னாள். அவ்வளவுதான், தண்ணீர் நாலு முழம் பின்வாங்கியது போல மீன்கள் விலகிவிட்டன. நெளிச்சி மட்டும் நின்றாள்.

"வலி கெடக்கட்டும் ஆத்தா. எனக்குச் செட்டை இல்லேன்னா என் பிள்ளைங்களும் செட்டை இல்லாமப் பொறக்குமா?"

"அடி கூறுகெட்டவளே, காது குத்தின ஆத்தாளுக்குப் பிள்ளை ஓட்டைக் காதோடயா பொறக்குது? முழுசாத்தான் பொறக்கும்."

நெளிச்சி யோசித்தாள். "அப்ப இது எனக்குக் காது குத்தா? காது குத்துன்னா தாய்மாமன் மடி வேணுமே?"

அணஞ்சி சுற்றும் முற்றும் பார்த்தாள். கரைமேல் மணியக்காரர் சரிகை வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"குளம் வெட்டினது அரசாங்கம், தவிடு போட்டது அரசாங்கம். அப்ப மாமன் யாரு? வந்து உக்காருங்கய்யா."

மணியக்காரர் முழித்தார். உலகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஆனாலும் மனுஷன் வந்தார், நனைந்த படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அணஞ்சி ஈரத்துணியை விரித்து நெளிச்சியை அவர் மடியில் கிடத்தினாள். மஞ்சள் தடவிய கத்தரியை எடுத்தாள். கண்ணை மூடாமல் ஒரே வெட்டாக வெட்டினாள். நெளிச்சி துள்ளி, வாலால் மணியக்காரர் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டுத் தண்ணீரில் விழுந்தாள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணுமில்லடி, வாங்க. மாமன் மடி நல்லா மெத்துன்னு இருக்கு."

பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. பொழுது சாய்வதற்குள் மணியக்காரர் வேட்டி ஒரு மீன்கடையே ஆகிவிட்டது. அவர் முகம் சுளிக்கவில்லை.

ரணம் ஆறியதும் உலகனும் அவன் ஆட்களும் ஏரி முழுக்க வலை வீசினார்கள். உலகனே ஒவ்வொரு மீனாகப் புரட்டிப் பார்த்தான். செட்டை இல்லை. இதற்கும் இல்லை. இதற்கும் இல்லை. அத்தி பூத்தாற்போல் ஒன்றுக்கு முழுசாக இருந்தது. அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோயிற்று. கடைசி மீனையும் தண்ணீரில் விட்டுவிட்டு மணியக்காரரிடம் வந்தான்.

"ஓடை வாயில வலை வேண்டாங்கய்யா. கட்டினா எங்க வீட்டு அடுப்புல மறுபடியும் பூனைதான் படுக்கும்."

புதுவெள்ளம் வந்தது. ஒரு கைப்பிடி ஏரித் தாய்மாரோடு, செட்டை வெட்டிய நெளிச்சியும் அவள் கூட்டமும் ஓடை ஏறிப் போயின. யாரும் தடுக்கவில்லை. அணஞ்சி அதன் பிறகு புதுக் குஞ்சுகளையும் செட்டை வெட்டியே ஏரியில் விட்டாள், அவற்றுக்குத் தவிடு போடும்போது பானையைத் தட்டியதே இல்லை. வாயைக்கூடத் திறக்கவில்லை என்று ஊரில் ஆச்சரியப்பட்டார்கள்.

மறுவருஷம் ஒரு நாள் உலகன் குஞ்சுக்குளத்துக்கு ஓடிவந்தான். "அக்கா, படித்துறைக்கு வாங்க! பொடிக் கூட்டம் ஒண்ணு, வெயில்ல மின்னுது. வலையில வந்ததைப் புரட்டிப் பாத்தேன், அத்தனைக்கும் செட்டை முழுசா இருக்கு."

அணஞ்சி பழைய பானையை எடுத்துக்கொண்டு ஓடினாள். படித்துறையில் உட்கார்ந்து, மனசு கேட்காமல் தட்டினாள். டொக், டொக்.

மின்னிக்கொண்டிருந்த கூட்டம் ஒரே பாய்ச்சலில் ஆழத்துக்குள் மறைந்தது. ஒன்றுகூட அவளிடம் வரவில்லை. அணஞ்சி மார்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

நெளிச்சி மட்டும் வந்து விரலிடுக்கில் மூக்கை நுழைத்தாள். "என் பிள்ளைங்கதான் ஆத்தா. சத்தம் கேட்டா ஓடணும்னு சொல்லிக்கொடுத்திருக்கேன்."

அன்று முதல்தான், குளத்தில் வளர்த்த மீனை ஏரியில் விடுமுன் அரசாங்கத்து ஆள் மாமனாகி, மடியில் ஏந்தி அடையாளம் போடுகிறார். அன்று முதல்தான், வலைக்காரர் கூடையில் போடுமுன் மீனைப் புரட்டிப் பார்க்கிறார். செட்டை முழுசாக இருந்துவிட்டால், ஏரிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று மாமன் வீட்டுக்குச் சேதி சொல்ல ஓடுகிறார்.