கோடு கேட்ட கேள்வி

தென்காசியில் ஒரு மருந்துக்கடை மாடியில் செல்வி டீச்சர் வெப்சைட் செய்யச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். அவளிடம் படிக்க வந்த திருமலையப்பன் அவளைவிட ரொம்ப மூத்தவர். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் முன்னால் உட்கார்ந்து சாவி கொடுத்தவர். லாட்ஜை இடித்துவிட்டார்கள். இங்கே வந்து சேர்ந்தார்.

அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார்.

காது கேட்காத குழந்தைகளைப் பார்க்கிற ஒரு மையத்துக்கு இருவரும் ஒரு வெப்சைட் செய்தார்கள். ஒவ்வொரு அம்மாவின் போனுக்கும் ஒரு லிங்க் போகும். லிங்கின் கடைசியில் அந்தக் குழந்தையின் நம்பர் இருக்கும். தொட்டால் அந்தக் குழந்தையின் பக்கம் திறந்து, எப்போது வரவேண்டும் என்று சொல்லும். எந்த லிங்க் வந்தால் எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு வழி எழுதுகிற வேலை திருமலையப்பனுடையது.

எழுதினார். ஒரு இடத்தில் சிவப்புக் கோடு விழுந்தது. எழுதியதை ஓடவிடுவதற்கு முன்னாலேயே, எழுதும்போதே தப்பைப் பிடிக்கிற கோடு அது.

“டீச்சர், இந்தக் கோடு போகமாட்டேங்கு.”

“என்ன சொல்லுது?”

“குழந்தைப் பக்கத்துக்கு நம்பர் கட்டாயம் வேணுமாம். ஆனா லிங்க் வழியா வாறது நம்பராவும் இருக்கலாம், ஒண்ணும் இல்லாமயும் இருக்கலாமாம். அப்படி வந்தா என்ன செய்வேன்னு கேக்கு.”

“சரியாத்தான கேக்கு.”

“எப்படி இல்லாமப் போகும்? லிங்கை நாமதான அனுப்புதோம்.”

“லாட்ஜுல ரூம் நம்பர் தெரியாம ஒருத்தர் வந்து நின்னா என்ன செய்வீங்க?”

“அது லாட்ஜு டீச்சர். அங்க மனுசங்க வருவாங்க.”

அவள் அடுத்தவரின் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவர் எழுதிய கம்ப்யூட்டர் மொழியில் ஒரு வசதி இருந்தது. சந்தேகப்படுகிற சொல்லுக்குப் பின்னால் ஒரு ஆச்சரியக்குறி போட்டால், இது கண்டிப்பாக இருக்கும், நான் பொறுப்பு, கேட்காதே என்று அர்த்தம். திருமலையப்பன் போட்டார். கோடு போய்விட்டது.

செல்வி திரும்பி வந்து பார்த்தாள். திரையில் சிவப்பு எங்கேயும் இல்லை.

“போயிட்டே. அனுப்பிருவோம்” என்றாள்.

அந்த மையத்துக்கு மதுரையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் டாக்டர் வருவார். குழந்தையின் காதில் கருவியை மாட்டி, முதல் சத்தத்தைக் கேட்க வைக்கிறவர் அவர். அவர் வந்துபோன மறுநாள் மையத்திலிருந்து போன் வந்தது. கடையநல்லூர் ஜன்னத் என்ற அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

ஜன்னத்தின் போன் உடைந்திருந்தது. தம்பி போனுக்கு வந்த லிங்கை, அவள் இரவல் வாங்கிய போனுக்கு அவன் நகலெடுத்து அனுப்பியபோது கடைசியில் இருந்த குழந்தையின் நம்பர் விட்டுப்போயிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் பிள்ளையோடு நின்று, எத்தனை மணி என்று பார்க்க லிங்கைத் தொட்டிருக்கிறாள். பக்கம் திறந்தது. எந்தக் குழந்தை என்று அதற்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. ‘இன்று உங்களுக்கு நேரம் இல்லை’ என்று காட்டியது. அவள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

திருமலையப்பன் அந்த ஆச்சரியக்குறியை அழித்தார். கோடு பழைய இடத்திலேயே வந்து விழுந்தது.

“அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்.”

“கோடு இருக்கான்னுதான் நானும் பார்த்தேன் அண்ணாச்சி. எப்படிப் போச்சுன்னு பார்க்கலை.”

“இப்ப என்ன செய்யட்டும்?”

செல்வி கம்ப்யூட்டரை அணைத்தாள். செருப்பை மாட்டினாள்.

“வாங்க.”

கடையநல்லூரில் ஜன்னத் வீட்டில் இருந்தாள். மையத்துக்கு வெப்சைட் செய்தவர்கள் என்றதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு டீ போடப் போனாள். நாலு வயது மகள் தரையில் ஒரு சில்வர் தட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். தட்டு கைநழுவி விழுந்து சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. வந்தவர்கள் இருவரும் திடுக்கிட்டார்கள். பிள்ளை தட்டு நின்றதைப் பார்த்துத்தான் எடுத்தாள்.

“எங்க மாமியா போடுத சத்தம் இந்த வீட்டுல இவளுக்கு மட்டும் கேக்காது. கொடுத்து வச்சவ” என்று ஜன்னத் சிரித்தாள். டம்ளர்களை வைத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“எம் மேலதான் தப்பு. எங்கயோ தப்பா அமுக்கிட்டேன் போல. எனக்குப் படிப்பு கம்மி. இன்னும் மூணு மாசம் எம்புள்ள கேக்காம இருக்கணும்னா அது என்னாலதான்.”

திருமலையப்பன் வாயைத் திறந்தார். டீயைக் குடித்தார்.

“அடுத்த தடவை சரியா அமுக்குதேன் அண்ணாச்சி. டாக்டர்ட்ட கோவப்பட வேண்டாம்னு சொல்லுங்க” என்றாள் ஜன்னத்.

செல்வி பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு எழுந்தாள். இருவரும் தென்காசிக்குப் பஸ் ஏறினார்கள்.

“நம்பர் இல்லாம வந்தா என்ன செய்வேன்னு அந்தக் கோடு கேட்டுச்சுல்லா டீச்சர்.”

“ஆமா.”

“லாட்ஜுல உக்கார வைப்பேன். தண்ணி கொடுப்பேன். பேரு கேட்டுத் தேடிப் பார்ப்பேன். ஒருத்தரையும் வாசல்ல நிப்பாட்டித் திருப்பி அனுப்பினதில்ல.”

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ தன் மேல தப்புங்கா. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.”

“எனக்கும்தான்.”

“இப்ப அந்த இடத்துல நான் என்ன எழுத டீச்சர்?”

செல்வி எழுந்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கவேண்டும் என்றாள் கண்டக்டரிடம்.

“தென்காசிக்குல்லா டிக்கெட் எடுத்தீங்க” என்றார் அவர்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு திருமலையப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

“முதல்ல திரும்பிப் போய், தப்பு நம்மளுதுன்னு அவகிட்டச் சொல்லுவோம் அண்ணாச்சி. அங்க என்ன சொல்லுதோமோ, அதையே அந்த இடத்துல எழுதுங்க.”