தூணைச் சுற்றிய நாலு பேர்

நாலு பேர் ஒரு கல்தூணைச் சுற்ற ஆரம்பித்தார்கள்; நிறுத்த முடியவில்லை. நடந்த தவறு அவ்வளவுதான்.

இடம், ஹங்கேரியில் ஒரு பழைய சின்ன ஊர். டிசம்பர் மாதம். தெருவெல்லாம் பனி. சுற்றியவர்கள் பாளையங்கோட்டை காலை நடைக் குழு. நாலு பேருக்கும் அறுபத்தைந்துக்கு மேல். விடிந்தால் மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றாமல் காப்பி குடிக்காதவர்கள். 'குளிர்கால நடைச் சுற்றுலா' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும், இது நமக்கென்றே போட்டது என்றார் குழுத் தலைவர் தளவாய். மறுத்துப் பேசும் புத்தி யாருக்கும் இல்லை. ஆவுடையப்பனுக்கும் இல்லை.

வழிகாட்டி, பிரோஷ்கா என்ற பெண். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உடுத்தி வாருங்கள் என்று முன்பே எழுதியிருந்தாள். நாலு பேரும் ஓட்டல் சமையலறையில் ஒரு வெங்காயம் கேட்டு வாங்கி, அறையில் உட்கார்ந்து உரித்து எண்ணினார்கள். ஏழு. ஆவுடையப்பன் ஆறோடு நிறுத்தப் பார்த்தார். மற்றவர்கள் விடவில்லை. ஏழாவதாக, பேன்ட்டுகளுக்கு மேலே வேட்டி கட்டினார்.

வழுக்கும் இடத்தில் வாத்து மாதிரி நடங்கள் என்றாள். நடந்தார்கள். சத்தமும் கொடுக்க வேண்டுமா என்று பிரமநாயகம் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

ஊர்ச் சதுக்கத்தின் நடுவில் அந்தத் தூண். நாம் ஏறிப் பார்க்கப்போகும் கோபுரத்துச் சாவியை வாங்கி வருகிறேன், அதுவரை சும்மா நிற்காதீர்கள், கால் விறைத்துவிடும் என்றாள் பிரோஷ்கா. நடந்துகொண்டே இருங்கள். தூணைவிட்டு விலகாதீர்கள். ஒருவர் விழுந்தால் மற்றவர் தாங்க, ஆளுக்கு ஆள் முன்னால் இருப்பவரின் கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும்வரை விடாதீர்கள்.

தளவாயின் கோட்டைப் பிரமநாயகம் பிடித்தார். அவர் கோட்டைச் சொரிமுத்து. அவர் கோட்டை ஆவுடையப்பன். தளவாய்க்கு மட்டும் பிடிக்க ஆள் இல்லை. முகம் வாடிப்போயிற்று. அரைச் சுற்று போனதும் எதிரே ஒரு முதுகு தெரிந்தது. ஆவுடையப்பனின் முதுகு. தாவிப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் அவருக்கு நிம்மதி.

மூன்றாம் சுற்றில் ஆவுடையப்பனுக்கு ஒண்ணுக்கு முட்டியது. அவருக்குச் சர்க்கரை. காலையில் இரண்டு கோப்பை சூப் வேறு. சதுக்கத்து மூலையில் பொதுக் கழிப்பறை இருந்தது. சுற்றுக்கு ஒரு தடவை அது கண்ணில் பட்டு மறைந்தது. ஏழு அடுக்கையும் அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டார்.

"அண்ணாச்சி, நான் மட்டும் விட்டுட்டுப் போயிட்டு வந்துருதேன்."

"எப்படிவே போவீரு?" என்றார் தளவாய். "நீரு போனா எனக்கு முன்னால யாரு இருக்கா? நான் எவன் கோட்டைப் பிடிக்க?"

நியாயமான கேள்விதான். ஆவுடையப்பன் சொரிமுத்துவின் கோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பத்துச் சுற்று முடிந்தால் நிற்பதுதானே நம் வழக்கம் என்று சொரிமுத்து எடுத்துக்கொடுத்தார். ஆறு ஆகிவிட்டது என்றார் பிரமநாயகம். எட்டு என்றார் தளவாய். எங்கே ஆரம்பித்தோம் என்பதே தெரியாமல் எண்ணினால் செல்லாது என்று முடிவாகி, முதலிலிருந்து எண்ணுவதாகத் தீர்மானம் போட்டார்கள். 'ஒண்ணு' என்று முதலில் குரல் கொடுத்தவர் ஆவுடையப்பனேதான். முப்பது வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

ஒரு கிழத்தம்பதி, ஏதோ சடங்கு என்று நினைத்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு பனியில் நின்றார்கள்.

சாவியோடு பிரோஷ்கா வந்தாள். பார்த்தாள். விடுங்கள் என்றாள்.

"முதல் ஆளு முதல்ல விடணும். அதுதான் முறை" என்றார் தளவாய்.

முதல் ஆள் யார் என்று கேட்டாள். நாலு பேரும் அவரவருக்கு முன்னால் இருந்தவரைக் காட்டினார்கள். அவள் சாவியைப் பனியில் போட்டுவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆவுடையப்பனுக்குக் கண்ணில் நீர் கட்டியது. இன்னும் ஒரு சுற்று தாங்காது. பாளையங்கோட்டையில் கௌரவமாக வாழ்ந்த மனிதர்.

அந்த நேரம் பனி வாரும் வண்டி ஒன்று சதுக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுநர் குதித்து இறங்கி, கோட்டுப் பொத்தானை அவிழ்த்தபடியே தூணை ஒட்டி ஓடினார். முழங்காலைச் சேர்த்துச் சேர்த்து ஓடினார். அது என்ன ஓட்டம் என்று ஆவுடையப்பனுக்குச் சொல்லவேண்டியதில்லை. சொரிமுத்துவை விட்டார். அதே கையால் ஓட்டுநரின் கோட்டைப் பிடித்தார். முன்னால் இருப்பவரின் கோட்டுதானே. சொல் மீறவில்லை.

பின்னால் தளவாய் வந்தார். அவர் பின்னால் பிரமநாயகம். அவர் பின்னால் சொரிமுத்து. ஐந்து பேரும் வாத்து நடையில் ஓடி, ஒரே கதவுக்குள் போனார்கள்.

உள்ளே எல்லாரும் நலமா என்று பிரோஷ்கா வெளியே நின்று கேட்டாள். தனக்கு வரவில்லை, ஆனால் முன்னால் இருப்பவர் இன்னும் முடிக்கவில்லை என்று தளவாய் உள்ளிருந்து பதில் சொன்னார்.

கிளம்பும் நாளில் சுற்றுலா நிறுவனத்தார் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, உங்களைச் சிறப்பாக வழிநடத்தியவர் யார் என்று எழுதச் சொன்னார்கள். பிரோஷ்கா பேனாவை நீட்டியபடி பக்கத்திலேயே நின்றாள். நாலு பேரும் கலந்து பேசவில்லை. விசாரித்து வைத்திருந்த அந்தப் பெயரை நாலு பேரும் எழுதினார்கள்: பனி வாரும் வண்டி லாயோஷ்.