ஓடையைத் தாண்டாத வேட்டை

ஒரு காட்டில், பாறைச் சரிவு ஒன்றின் அடியில், செந்நாய்க் கூட்டம் ஒன்று குகை பிடித்துக் குடியிருந்தது. சிவலை என்ற தாய்ச் செந்நாய் அங்கே குட்டிகள் போட்டிருந்தது. குட்டிகள் பாலை விட்டு இறைச்சிக்கு மாறும் பருவம். அந்த நேரம் பார்த்துத்தான் குகைக்குள் பசி வந்து சேர்ந்தது.

குழந்தைகளே, செந்நாய் குட்டிகளுக்கு இறைச்சியைத் தூக்கிச் சுமந்துகொண்டு வராது. வேட்டையாடிய இடத்திலேயே வயிறு புடைக்கத் தின்னும். குகைக்கு வந்து குட்டிகளுக்குக் கக்கிக் கொடுக்கும். முகம் சுளிக்காதீர்கள். அந்தக் குட்டிகளுக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது.

கூட்டத்தின் தலைவன் நெடுங்காலன். தன் கால்களைப் பற்றிப் பெருமை பேசாவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. தினமும் விடிந்ததும் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கடமான் வேட்டைக்குக் கிளம்பும். பொழுது சாயும்போது நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வரும்.

"இன்று மூன்று மலை தாண்டினோம்," என்றது ஒரு நாள்.

"ஆமாம், மூன்று மலை," என்றது பின்னால் நின்ற தலையாட்டி. யார் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுவதுதான் அந்தச் செந்நாயின் வேலை.

"கடமான் கிடைத்ததா அண்ணா?" என்று கேட்டது சிவலை.

"கிடைத்ததாவா? மரக்கிளை மாதிரிக் கொம்பு அதற்கு. வயிறு வெடிக்கத் தின்றோம்."

குட்டிகள் ஓடி வந்து நெடுங்காலனின் வாயை நக்கின. நெடுங்காலன் கழுத்தை நீட்டியது, இருமியது, வயிற்றை எக்கிப் பார்த்தது. கொஞ்சம் எச்சில்தான் வந்தது. தின்றதெல்லாம் வரும் வழியிலேயே செரித்துப் போயிருந்தது.

கடைக்குட்டி மட்டும் எழுந்து வரவே இல்லை. அதன் விலா எலும்பு வெளியே தெரிந்தது. இன்னும் ஓரிரு நாள் இப்படியே போனால் அது பிழைக்காது. சிவலை அதை நக்கிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தது.

"நாளைய வேட்டையை நான் நடத்துகிறேன்," என்றது சிவலை.

"நீயா? உன்னால் எத்தனை மலை தாண்ட முடியும், தங்கச்சி?"

"ஒன்றுகூடத் தாண்டப் போவதில்லை. கீழே இருக்கிற ஓடை வரைக்கும்தான் போவேன். அங்கிருந்து வந்தால் தின்றது வயிற்றிலேயே இருக்கும்."

நெடுங்காலன் விழுந்து விழுந்து சிரித்தது. "கடமான் நம் வாசலில் வந்து நின்று, என்னைத் தின்னுங்கள் என்று கெஞ்சுமா?"

"விடிந்ததும் நாம் மலை தாண்டிப் போய்விடுகிறோம். பொழுது சாயத்தான் வருகிறோம். இது கடமானுக்குத் தெரியாதா? பகல் முழுக்க நாம் இல்லாத இடம் எது, அண்ணா?"

நெடுங்காலன் திரும்பிக் குகை வாசலைப் பார்த்தது.

"ஆமாம், எது?" என்றது தலையாட்டி. நெடுங்காலன் அதை முறைத்தது.

மறுநாள் காலை கூட்டம் சிவலையின் பின்னால் போனது. சிவலை ஓடவில்லை. மூக்கைத் தரையில் வைத்துப் புதர் புதராக முகர்ந்துகொண்டே நடந்தது. ஓடையும் வந்துவிட்டது. ஒரு முயல்கூடக் கண்ணில் படவில்லை. அப்போது அக்கரையில் ஒரு கடமான் துள்ளிக் குதித்து மலையேறி ஓடியது.

"விடாதே, பிடி," என்று நெடுங்காலன் ஓடையில் பாய்ந்தது. தலையாட்டியும் பின்னாலேயே ஓடியது.

சிவலையின் கால்களும் துடித்தன. ஓடுகிற மானைக் கண்ட பிறகு நிற்பது செந்நாய்க்கு லேசான காரியமா? ஆனால் குகையில் கிடக்கும் கடைக்குட்டியை நினைத்துக்கொண்டது. "யாரும் தாண்ட வேண்டாம்," என்றது. மற்றவை முணுமுணுத்துக்கொண்டே நின்றன.

சிவலை அவற்றைத் திருப்பி, ஓடையோரமாகக் குகைப் பக்கமே நடத்தி வந்தது. மூங்கில் புதர் ஒன்றின் அருகே சட்டென்று நின்றது. ஈரமண்ணில் புதுக் குளம்படி. உள்ளே ஒரு பெரிய கடமான் சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. செந்நாய்கள் இந்நேரம் மலை தாண்டியிருக்கும் என்ற நிம்மதி அதற்கு.

சிவலை, செந்நாய்களுக்கே உரிய விசில் குரலில் சீழ்க்கை அடித்தது. கூட்டம் நாலா பக்கமும் பரவியது. கடமான் பதறி எழுந்து ஓடைக்குள் இறங்கிக் கொம்பைச் சுழற்றியது. தப்பிக்க வழி இல்லை. தண்ணீரிலும் கரையிலும் செந்நாய்கள் சூழ்ந்து நின்றன. உச்சிப் பொழுதுக்குள் வேட்டை முடிந்தது.

தின்றுவிட்டு நிமிர்ந்தால் குகை கண்ணெதிரே தெரிந்தது. கனத்த வயிறோடு ஆற அமர நடந்தே போய்ச் சேர்ந்தன. குட்டிகள் வாயை நக்கியதும் இறைச்சி சூடாக வந்து விழுந்தது. கடைக்குட்டி தலையைத் தூக்கியது. ஒரு துண்டு தின்றது, இன்னொரு துண்டு தின்றது. பிறகு எழுந்து நின்று, என் பங்கை யாரும் தொடக் கூடாது என்பதுபோல அண்ணன்களைப் பார்த்து உறுமியது. சிவலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாறைமேல் ஏறிக் காடே கேட்கும்படி சீழ்க்கை அடித்தது. கூட்டம் முழுவதும் கூடச் சேர்ந்துகொண்டது.

பொழுது சாய்ந்த பிறகு நெடுங்காலன் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. பின்னாலேயே தலையாட்டியும் வந்தது. துரத்திய மான் தப்பிவிட்டது.

"இன்று நான்கு மலை தாண்டினேன்," என்றது, பழக்கம் விடாமல்.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைக்குட்டி மட்டும் ஓடி வந்து, அதன் வாயை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. ஆமாம் போட வாயைத் திறந்த தலையாட்டி, சத்தம் இல்லாமல் மூடிக்கொண்டது.

சிவலை அருகில் வந்து, ஒரு துண்டு இறைச்சியை நெடுங்காலன் முன்னால் கக்கி வைத்தது. "சாப்பிடு அண்ணா. நாளை எதுவரைக்கும் போகலாம்?"

நெடுங்காலன் தலையைத் தூக்காமல் தின்று முடித்தது.

"ஓடை வரைக்கும், தங்கச்சி," என்றது.

நீதி: கிடைத்ததை வீடு கொண்டுவந்து சேர்க்க முடிகிற தூரமே, தேடிப் போக வேண்டிய தூரம்.