கதவருகே தொடங்கியவர்

அந்த அகராதி இல்லத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சொல் வரும் வாக்கியங்களைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதுவார்கள். பொருள் வாரியாகப் பிரித்துத் தரையில் அடுக்குவார்கள். உட்சுவரில் தொடங்கிக் கதவில் முடிப்பார்கள்.

தில்லையன் அவசரத்தில் கதவருகே தொடங்கிவிட்டார். ‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சீட்டுகள் அறையை நிறைத்தபோது அவர் உள்மூலையில் நின்றிருந்தார். கால் வைக்க இடமில்லை.

அகராதியின் ஆசிரியர் பெரியநாயகி வாசலுக்கு வந்தார். தில்லையனைவிட வயதில் இளையவர்.

“என்ன ஐயா, தவமா?”

“சிரிக்காதீர்கள் அம்மா. இந்தச் சொல்லை முடித்தால் விடை கொடுப்பதாகச் சொன்னீர்கள். மாலை வண்டியில் ஊருக்குப் போகிறேன். இனி வரமாட்டேன்.”

“ஏன்?”

“ரன் என்றால் ஓடு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதற்குப் போய் ஒரு வருடமா?”

ஆசிரியர் மேசையிலிருந்து ஒரு நூற்கண்டை எடுத்து அவரிடம் வீசினார்.

“ஒவ்வோர் அடுக்காகப் படித்துக் கட்டிக்கொண்டே வாருங்கள். வழி கிடைக்கும்.”

“பிரிக்கும்போதே படித்தேனே!”

“பிரிப்பதற்காகப் படித்தீர்கள்.”

முதல் அடுக்கில் ஓடும் ஆறு. அடுத்ததில் சளி பிடித்த குழந்தையின் மூக்கு. பிறகு துவைத்த துணியின் சாயம், ஒருத்தி தனியாக நடத்திய கடை, ஊரெல்லாம் பரவிய வதந்தி. ஆங்கிலத்தில் எல்லாமே ரன்தான். பழைய சீட்டுகளில் எழுத்தே வேறாக இருந்தது: ரின், ரென், இர்ன். எழுதிய கைகள் மண்ணாகிப் பல நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

“நாம் தேர்தலில் நிற்கிறோம். அமெரிக்காவில் ஓடுகிறார்கள்” என்று தில்லையன் சிரித்தார்.

அதன்பின் அவர் சிரிக்கவில்லை. கட்டிய இரண்டு கட்டுகளை அவிழ்த்தார். ஆற்றின் சீட்டுக்குப் பக்கத்தில், நரம்பில் ரத்தம் ஓடும் சீட்டைக் கொண்டுவந்து வைத்தார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொலைவில் ரயில் கூவியபோது கதவுக்கு ஓர் அடுக்குதான் பாக்கி. தில்லையன் கையில் ஒரு சீட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, வண்டி.”

“அம்மா, இதைக் கேளுங்கள். ஒரு வேலி குன்றின்மேல் ஓடுகிறது என்று யாரோ ஒரு விவசாயி எழுதியிருக்கிறான். வேலி நட்ட இடத்தில்தானே நிற்கிறது?”

“ஆமாம்.”

“குன்றும் நகரவில்லை.”

“இல்லை.”

“அப்படியானால் ஓடியது எது?”

ரயிலின் ஓசை தேய்ந்து அடங்கியது.

“வேலியோடு போன நீங்கள் இப்போது அதன் எந்த முனையில் இருக்கிறீர்கள், ஐயா?”

தில்லையன் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“குன்றுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டேன், அம்மா.”